கல்லடியில் மங்கா வாடகைக்குக் கொடுக்கும் வீடு: ஏழு மாதம் போய்வந்த பிறகு எழுதுவது

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் விறாந்தையும் முன்னறையும் சேர்ந்ததுதான், மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கிற இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிற தம்பி தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டார், அதனால் போடவில்லை. திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் வந்து, மங்கா வாடகைக்குக் கொடுக்கிற வீடு எது என்று சைக்கிளில் போகிற எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் காட்டிவிடும்.

நான் ஆரையம்பதி. வைத்தியசாலையில் தாதி. பதினெட்டு வருடமாகச் சத்திரசிகிச்சை வார்டில்தான் வேலை. தரம் 9 படிக்கிற என் மகன் போன தைப்பொங்கல் லீவில் கரைச்சல் கொடுத்து என்னை இங்கே கூட்டிவந்தான். அவன் புத்தகம் தெரிந்தெடுக்கும் வரை விறாந்தையில் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் என்றவன் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தான். சும்மா இருக்க முடியாமல் மேசையில் கிடந்த தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தேன். அன்றைக்குத் தொடங்கியது. இப்போது மகனை விட நான்தான் ஒழுங்காகப் போகிறேன்.

முதலில் காசு விஷயம். சாதாரண பாகம் ஒன்றுக்குக் கிழமைக்கு 150 ரூபா. மூன்று பாகங்களை ஒன்றாகக் கட்டிய தடித்த பதிப்பு 250 ரூபா. சேரும்போது 2000 ரூபா வைப்புப் பணம் கட்ட வேண்டும், விலகும்போது திருப்பித் தருகிறார். பிந்தினால் நாளுக்கு 20 ரூபா. எனக்கு டியூட்டி மாறி இரண்டு தடவை பிந்தியது, இரண்டு தடவையும் அறவிடாமல் விடவில்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன். ஒரு பாகத்தைப் புதிதாக வாங்கப் போனால் மகனின் ஒரு மாத ரியூஷன் காசு போய்விடும். அதோடு பார்த்தால் இது பெரிய உதவி.

தம்பி ஐந்து வருடம் கட்டாரில் இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் மற்றவர்கள் சொக்லேட்டும் ஷாம்புவும் அடைக்கிற பெட்டியில் இவர் புத்தகம் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இன்றைக்கு நானூறு புத்தகத்துக்குக் கிட்ட இருக்கிறது. நிஞ்சாக் கதையான நருட்டோ 72 பாகமும் முழுசாக உண்டு. கைப்பந்தாட்டக் கதையான ஹைக்யூ 45 பாகமும் உண்டு. ஒன் பீஸ் முதல் முப்பதோடு நிற்கிறது. அந்தக் கதை 1997 இல் தொடங்கி இன்னும் முடியவில்லை, நூறு பாகத்தைத் தாண்டிவிட்டது. முழுவதையும் வைக்க இந்த அறை காணாது. எல்லாம் ஆங்கிலப் பதிப்பு. பிள்ளைகளுக்கு விளங்காத சொற்களைத் தமிழில் எழுதி வைத்த கொப்பி ஒன்று மேசையில் தொங்குகிறது. எழுதினது தம்பியின் அம்மா, ஓய்வு பெற்ற ஆங்கில ரீச்சர். நானும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் முதல் புத்தகத்தை முடித்தேன்.

மங்காவை வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். பக்கத்துக்குள்ளும் கட்டங்கள் வலமிருந்து இடமாகத்தான் போகும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நானும் முதல் நாள் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் பிழையான பக்கத்தில் நிற்கிறீர்கள் என்ற அறிவிப்பைத்தான் கண்டேன். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளை மட்டும் ஒரு நிமிடமும் தடுமாறவில்லையாம். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிப் பழகிய கண், இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான் அதற்குச் சுகம். இப்போது புதுப் பிள்ளைகளுக்குப் படிக்கப் பழக்குவது அவன்தான். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொடுப்பான்.

புத்தகங்களின் நிலைமை நல்லது. கடற்காற்று படுகிற இடம், தாள் சுருளத்தான் செய்யும். ஆனால் கண்ணாடி அலுமாரி போட்டு, பூச்சி உருண்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொலித்தீன் உறை போட்டிருக்கிறார். மீன் பணிஸ் சாப்பிட்ட கையோடு யாரும் அலுமாரிப் பக்கம் போக முடியாது, கிணற்றடியில் சவர்க்காரம் இருக்கிறது. தடித்த பதிப்புகள்தான் முதுகில் வெடிக்கின்றன. அதைக் கடையின் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்தக் கட்டே அப்படி.

இனி, இந்த இடத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், "என்ன நினைக்கிறீங்க, யார் சரி?" என்று தம்பி கேட்பார். அவ்வளவுதான், கதை தொடங்கிவிடும். அம்மா இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார், 50 ரூபா. ஒரு சட்டம் மட்டும் உண்டு. விறாந்தையில் இருக்கிற யாராவது அந்த இடம் வரை வாசிக்கவில்லை என்றால், வாசித்தவர்கள் எழும்பி முற்றத்துக் கொய்யா மரத்தடிக்குப் போய்த்தான் கதைக்க வேண்டும். ஸ்பாய்லர் என்ற சொல்லை இங்கே யாரும் பாவிப்பதில்லை. "இது கொய்யா மரக் கதை" என்பார்கள். ஒரு பிள்ளை வாய் தவறினால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "மரத்தடி, மரத்தடி" என்று சத்தம் போடுவார்கள்.

நான் எடுத்த தொடர் ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், இரசவாதம் செய்யப்போய் ஒரு கையும் ஒரு காலும் இழந்த எட்வர்ட் என்ற பெடியனின் கதை. 2001 முதல் 2010 வரை வந்தது, 108 அத்தியாயம், 27 பாகம். இங்கே இருப்பது மூன்று மூன்றாகக் கட்டிய ஒன்பது புத்தகம். படிக்காதவர்கள் அடுத்த சில பந்திகளைத் தாண்டிப் போங்கள், இது மரத்தடிக் கதை.

ஒரு சனிக்கிழமை இரண்டு பெடியன்மார் அரை மணித்தியாலம் சண்டை. எட்வர்டின் சிநேகிதி வின்ரியின் தாய் தகப்பனைக் கொன்றது யார்? ஸ்கார் என்கிறான் ஒருவன். இராணுவ அதிகாரி மஸ்டாங் என்கிறான் மற்றவன். இருவரும் தங்கள் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். கடைசியில் தம்பி வந்து தீர்த்துவைத்தார். 2003 இல் வந்த அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், மங்கா பாதி வழியில் இருக்கும்போதே எடுத்தது, கதையைத் தன் பாட்டில் கொண்டுபோனது. அதில் மேலிடத்துக் கட்டளைப்படி அவர்களைச் சுட்டது மஸ்டாங். 2009 இல் வந்த பிரதர்ஹுட் என்ற இரண்டாவது அனிமே மங்காவை ஒட்டிப் போகிறது, அதில் ஸ்கார். இரண்டு பேரும் சரி! ஆனால் அதோடு முடியவில்லை. மஸ்டாங் சுட்டிருந்தால் அவனை எங்களுக்குப் பிடித்திருக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டது. மங்காவிலும் அவன், இராணுவம் ஒரு இனத்தையே அழித்த இஷ்வாலில் ஆட்களை எரித்தவன்தானே, வின்ரியின் தாய் தகப்பன் அதில் இல்லை என்பதற்காக மட்டும் பிடிக்கிறதா என்றது. ஹைக்யூவைத் தவிர எதையும் வாசிக்காத பிள்ளை அது. கதையைக் கேட்டுக்கொண்டிருந்தே அப்படிக் கேட்டது.

மஸ்டாங் விஷயத்தில் மரத்தடி இன்று வரை இரண்டாகத்தான் நிற்கிறது. நாட்டின் தலைவனாகி, ஆட்சியை மக்கள் கையில் கொடுத்து, பிறகு போர்க் குற்றத்துக்காகத் தன்னையே விசாரணைக்கு நிறுத்துவதுதான் அவனுடைய எண்ணம், அவனுக்குக் கீழே வேலை செய்கிற ஹாக்ஐ இதை எட்வர்டிடம் சொல்கிறாள். அவ்வளவு தெரிந்தவனை மன்னிக்கலாம் என்பது ஒரு பக்கம். விசாரணைக்கு நிற்கத் தலைவனாகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பது மற்றப் பக்கம். நான் இரண்டாவது பக்கம். என் மகன் முதலாவது. வீட்டிலும் இது தொடர்கிறது, சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும்.

என்னைப் பிடித்து இழுத்தது வின்ரி. பெடியன்மார் அவளை ஒரு பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கோபம். அவள் செயற்கைக் கை கால் செய்கிற தொழில்காரி. எங்கள் பகுதியில் செயற்கைக் காலோடு நடக்கப் பழகுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் பொருத்தின அன்றோடு வேலை முடிவதில்லை. மூன்று வருடம் எடுக்கிற பயிற்சியை எட்வர்ட் ஒரே வருடத்தில் முடித்ததாகக் கதை சொல்கிறது. அந்த ஒரு வருடம் எவ்வளவு நோவு என்று நான் நினைத்துப் பார்த்தேன். வளருகிற பிள்ளைக்கு நீளத்தை மாற்ற வேண்டும், தேய்ந்த ஆணியைப் பார்க்க வேண்டும், வட மலைக் குளிரில் பழைய உலோகம் உடம்பை உறையவைக்கும் என்று வேறு உலோகத்தில் செய்ய வேண்டும். இவ்வளவையும் ஒரு சண்டைக் கதைக்குள் கவனமாக வைத்திருக்கிறார் அரகாவா ஹிரோமு. அவர் ஹொக்கைடோவில் பால் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண். ஹிரோமு என்பது ஆண் பெயர் போல வைத்துக்கொண்ட புனைபெயர். இதைத் தம்பி சொன்ன அன்று பெடியன்மார் நம்பவே இல்லை, புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். புயல் நேரம் வைத்தியர் இல்லாத வீட்டில் வின்ரி பிரசவம் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. தாய் தகப்பனின் வைத்தியப் புத்தகத்தில் வாசித்தது மட்டும்தான் அவளுக்குத் துணை. முடிந்ததும் கால் பலம் இல்லாமல் தரையில் இருந்துவிடுவாள். பயிற்சிக் காலத்தில் என் முதல் பிரசவத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன், சுவரில் சாய்ந்துகொண்டு.

சரி, ஸ்கார். இஷ்வால்காரன். போரில் தன் இனத்தையே இழந்தவன். வின்ரியின் தாய் தகப்பன் எதிர் நாட்டு வைத்தியர்கள், ஆனால் இஷ்வாலில் தங்கி இஷ்வால் மக்களுக்குத்தான் மருந்து கட்டினார்கள். காயப்பட்டுக் கிடந்த ஸ்காரையும் அவர்கள்தான் பார்த்தார்கள். கண் விழித்தவன் எதிரியின் முகத்தைக் கண்ட வெறியில் அவர்களையே கொன்றான். பல பாகம் கழித்து வின்ரி அவனுக்கு முன்னால் வருகிறாள். அவன் கையில் காயம், இரத்தம் ஓடுகிறது. அவள் கட்டுப் போடுகிறாள். என்னை மன்னிக்கிறாயா என்று அவன் கேட்க, நியாயம் இல்லாத ஒன்றை மன்னித்ததாக நினைக்காதே என்கிற மாதிரி சொல்லிவிடுகிறாள். தாய் தகப்பன் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள், அதனால் செய்கிறாள்.

மரத்தடியில் அன்று எட்டுப் பேர். முக்கால்வாசிப் பேருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. "சும்மா நல்லவள் மாதிரிக் காட்டுறாங்க" என்றான் ஒருவன். "முதல்ல ஸ்காருக்கு நேரே துவக்கத் தூக்கினாள்தானே, அதுதான் உண்மை" என்றான் இன்னொருவன். நான் பொதுவாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறவள். அன்றைக்கு விடவில்லை. வார்டில் நடந்ததைச் சொன்னேன். இடம் சொல்லாமல் சொல்கிறேன். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய ஒருவரையும், அவர் அடித்த பிள்ளையையும் ஒரே இரவில் கொண்டுவந்தார்கள். பிள்ளை விடியவில்லை. அந்த மனிசனின் தலைக்காயத்தை நான்தான் கழுவிக் கட்டினேன், மூன்று நாள் காலையும் மாலையும். ஒரு நாளாவது அவரை மன்னித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கட்டு இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை. மன்னிக்கிறது வேறு, கட்டுப் போடுகிறது வேறு, வின்ரிக்கு அது தெரியும், அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. மறுகா, அந்தக் காத்தான்குடிப் பிள்ளைதான் வாய் திறந்தது.

"மிஸ், அது உங்கட பிள்ளை இல்லையே. உங்கட மகன அடிச்சிருந்தா, கட்டுப் போட்டிருப்பீங்களா?"

என் மகன் பக்கத்தில்தான் இருந்தான். என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தான்.

"தெரியாது மனே" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு சொன்னான்: "எங்கட வாப்பும்மாவும் மன்னிக்க மாட்டன் எண்டுதான் சொல்லுவா. ஆனா பஸ்ஸில பக்கத்தில வந்து நிண்டா தள்ளி இருந்து இடம் குடுப்பா."

அவனுடைய தகப்பனின் தாய் யாரை மன்னிக்க மாட்டார் என்று அவன் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. தமிழ் ஊரான ஆரையம்பதியிலிருந்து கல்லடிக்கு வருகிற பஸ் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குள்ளால்தான் வரும். எங்கள் வீட்டிலும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கொலைகள் நடந்த 1990 ஆம் ஆண்டைப் பற்றி மெல்லிய குரலில்தான் கதைப்பார்கள், பிள்ளைகள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகள் ஒரே மரத்துக்குக் கீழே இருந்து யார் யாரை மன்னிக்கலாம் என்று இரண்டு மணித்தியாலம் கதைத்ததை நான் இதற்கு முதல் கண்டதில்லை. கதைத்தது முழுவதும் இஷ்வாலைப் பற்றித்தான். ஒருவரும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகவில்லை. பிளேன்டீ இரண்டாம் தடவையும் வந்தது.

நருட்டோப் பிள்ளைகளின் சண்டை வேறு மாதிரி. ஊரின் கட்டளைக்காகத் தன் குலத்தையே அழித்த இட்டாச்சி தியாகியா, குற்றவாளியா என்பது அங்கே முடியாத வழக்கு. நாகாட்டோ பக்கம் பேசுகிற ஒரு தம்பி இருக்கிறார், பல்கலைக்கழக மாணவர். போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளை ஊரை அழிக்கிறவனாக எப்படி மாறுகிறான் என்பதைப் படிப்படியாகச் சொல்வார், கேட்கத் தகுந்தது. எனக்கு 72 பாகத்துக்கு நேரம் இல்லை, அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். முதல் மாதம் போனபோது வளர்ந்தவர்களுக்கான மங்காவும் சின்னப் பிள்ளைகள் எட்டுகிற கீழ்த் தட்டில் இருந்தது. இரத்தமும் வேறு விஷயங்களும் உள்ளவை. ஒரு தாயாக எனக்கு அது சரியில்லை, தம்பியிடம் நேரே சொன்னேன். அடுத்த கிழமை போனபோது மேல் தட்டில் பூட்டுப் போட்டிருந்தார், வயது கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறார். சொன்னதைக் கேட்கிற மனிதர்.

பெண் பிள்ளைகள் வருவது குறைவு. சனிக்கிழமை சத்தத்துக்குள் அவர்கள் வாய் திறப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பதரைக்கு அம்மா தானே விறாந்தையில் இருந்து கடையைப் பார்ப்பார், அந்த நேரம் ஐந்தாறு பேர் வருகிறார்கள். மகளைக் கூட்டிவர விரும்புகிறவர்கள் அந்த நேரம் வரலாம். வின்ரியைப் பற்றி நல்ல கதை அங்கேதான் கேட்டேன். எட்வர்டுக்கு அழுகை வராது என்பதால் அவனுக்கும் சேர்த்துத் தான் அழுவதாக அவள் சொல்கிற இடத்தை ஒரு பிள்ளை முழுசாக மனப்பாடம் பண்ணிவைத்திருக்கிறது.

வெளிச்சம் காணாது. ஆறு மணிக்குப் பிறகு ஒரேயொரு குழல் விளக்கு, மரத்தடியில் அதுவும் இல்லை. மாரி காலத்தில் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று அம்மா சொன்னார், கார்த்திகை மார்கழியில் வருகிறவர்கள் புத்தகத்துக்கு இரட்டைப் பை கொண்டுவாருங்கள். நனைந்து வந்த புத்தகத்துக்கு வைப்புப் பணத்தில் கழிப்பார், அதுவும் நியாயம்தான்.

பெரிய குறை ஒன்று: ஃபுல்மெட்டலின் எட்டாவது புத்தகம் இல்லை. எடுத்துக்கொண்டு போன யாரோ திருப்பித் தராமலே வெளிநாடு போய்விட்டாராம். ஏழு முடித்துவிட்டேன், ஒன்பது அலுமாரியில் இருக்கிறது, நடுவில் மூன்று பாகம் இல்லை. கட்டாரிலிருந்து வருகிற நண்பர் ஒருவரிடம் சொல்லியிருப்பதாகத் தம்பி சொல்கிறார், வருகிற மாதம் கிடைக்குமாம். தொடரை எடுக்கும் முன் எந்தப் பாகம் இல்லை என்று கொப்பியில் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதியிருக்கிறது. நான் பார்க்காமல் தொடங்கிவிட்டேன்.

மகன் பிரதர்ஹுட் முழுவதையும் பார்த்தவன். 64 அத்தியாயம்தான், நீங்களும் பாருங்கள் அம்மா என்று ஒவ்வொரு இரவும் போனை நீட்டுகிறான். நான் பார்க்கவில்லை. புத்தகத்தில்தான் முடிக்க வேண்டும் என்று இருக்கிறேன், கட்டத்துக்குக் கட்டம் நின்று பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் மூன்று சனிக்கிழமையாக ஃபுல்மெட்டல் கதை தொடங்கினால் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், பிறகு கோப்பையையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். காத்தான்குடிப் பிள்ளை போகும்போது என் கதிரைக்குப் பக்கத்தில் ஹைக்யூ முதலாம் பாகத்தை வைத்துவிட்டுப் போனான். அதில் ஐந்து அத்தியாயம் முடித்துவிட்டேன்.